ஈக்குவலைசர் ஏபிஓ: காதுக்கு ஒரு கணக்கு, அறைக்கு ஒரு கணக்கு

விண்டோஸ் கணினியில் பாட்டுக் கேட்பவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்களில், ஒலியின் அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்க உதவும் ஈக்குவலைசர் ஏபிஓவுக்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதை நிறுவிவிட்டால் எந்த இயர்போனும் உயர்ரகமாகிவிடும், தாழ்ந்த ஒலிகளுக்கான பெட்டியான எந்த சப்வூஃபரும் வீட்டை அதிர வைக்கும் என்று எண்ணி வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். மிகுந்திருப்பதை அடக்குவதில் இது கைதேர்ந்தது. இல்லாததை வரவழைப்பது இதன் வேலை அல்ல.

திறந்த மூல மென்பொருளான இது விண்டோஸின் ஒலி அமைப்புக்குள்ளேயே அமர்ந்துகொள்வதால், பாட்டு, படம், விளையாட்டு என எதிலிருந்து வரும் ஒலியும் பெரும்பாலும் இதன் வழியாகவே வெளியேறுகிறது. அமைப்புகள் எல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் வரிவரியாக இருக்கின்றன: ஃபில்டரின் (ஒரு அதிர்வெண் பகுதியை ஏற்றும் அல்லது இறக்கும் திருத்தத்தின்) வகை, அதன் மைய அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம் என்பதைக் குறிக்கும் கியூ மதிப்பு. கோப்பைச் சேமித்தவுடன், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலேயே மாற்றம் கேட்கிறது. வரிகளைப் பார்த்து மலைப்பவர்களுக்குக் கூடவே ஒரு எடிட்டர் வருகிறது. பீஸ் என்ற தனி முகப்பும் இலவசமாகவே உண்டு, அதில் பொத்தான்கள்தாம் கொஞ்சம் அதிகம்.

காதுக்குள் செருகும் இயர்போனான இன்-இயரில் இதன் பயன் உடனே தெரிகிறது. 105 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் உயர்த்தும் ஒரு லோ ஷெல்ஃப் ஃபில்டரை (தாழ்ந்த அதிர்வெண்களை மொத்தமாக ஏற்றுவது) போட்டால், பாஸ் எனும் தாழ்ந்த ஒலி மெலிந்த இயர்போனிலும் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) உடம்போடு கேட்கிறது. அதில் எழும் கும்கி என்ற வளைந்த ஒலி தெளிவாகக் காதில் விழுகிறது. இப்படி உயர்த்தும் அளவுக்கு ப்ரீஆம்ப்பை (ஒட்டுமொத்த ஒலியளவை) 4 டெசிபல் கீழே இறக்காவிட்டால் உரத்த இடங்களில் ஒலி நசுங்கிவிடும் என்பதையும், காதில் ரப்பர் முனை சரியாகப் பொருந்தாமல் காற்றுக் கசிந்தால் எத்தனை டெசிபல் ஏற்றினாலும் பாஸ் வராது என்பதையும் புதியவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆட்டோஈக்யூ திட்டம் ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களுக்கும் இயர்போன்களுக்கும் ஆயத்த ஃபில்டர்களைத் தருகிறது. அவற்றில் தாழ்ந்த அதிர்வெண்களுக்கான பகுதியை நம்பலாம். உயர்ந்த அதிர்வெண்களுக்கான பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்-இயர்களை அளக்கப் பயன்படும் செயற்கைக் காதில் 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் ஒத்ததிர்வு எழும். உங்கள் காதில் அது எங்கே எழும் என்பதைக் காதுக்குழாயின் நீளமும் இயர்போன் எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது என்பதும் முடிவு செய்கின்றன. ஆகவே 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றைத் தொனியைக் குறைந்த ஒலியளவில் ஓடவிட்டு, எங்கே குத்துகிறதோ அங்கே மட்டும் குறுகிய ஃபில்டரால் 3 அல்லது 4 டெசிபல் வெட்டினால், பாடகரின் 'ஸ', 'ஷ' ஒலிகளின் கூர்மை தணிகிறது.

சப்வூஃபருக்கு வந்தால், இங்கே திருத்த வேண்டியிருப்பது பெரும்பாலும் பெட்டியை அல்ல, அறையை. 12 அடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸை ஒட்டி நிலையலை (சுவர்களுக்கிடையே மோதி மோதி ஓரிடத்திலேயே நிற்கும் அலை) உருவாகும். அந்தச் சுருதியைத் தொடும் பாஸ் கிட்டார் மீட்டல் மட்டும் மற்றவற்றைவிட உரத்து ஒலிப்பதோடு, நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவீட்டு மைக் ஒன்றும் இருந்தால் இந்த மேட்டை வரைபடமாகவே பார்க்கலாம். அது கணக்கிடும் ஃபில்டர்களை ஏபிஓ நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. மேட்டின் அகலத்துக்குப் பொருந்தும் கியூ மதிப்போடு 6 முதல் 8 டெசிபல் வெட்டினால் உரப்பு மட்டுமல்ல, இழுப்பும் குறைகிறது. இதுவே இந்த மென்பொருளின் ஆகச் சிறந்த பயன் என்பேன்.

வரைபடத்தில் ஒலி குறைந்து தெரியும் பள்ளங்களின் கதை வேறு. நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் 6 டெசிபல் ஏற்றினால், ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு ஆற்றல் செலவழிக்கிறது. இரண்டு அலைகளும் சேர்ந்தே வளர்வதால் பள்ளம் அப்படியே கிடக்கிறது. பெட்டியையோ நாற்காலியையோ ஓரிரு அடி நகர்த்திப் பார்ப்பது அதைவிட மேல். போர்ட் எனும் காற்றுத் துளை உள்ள பெட்டியில், அந்தத் துளை ஒத்திசையும் ட்யூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே ஏற்றுவது ஆபத்தும்கூட: அங்கே ஸ்பீக்கரின் அசையும் கூம்பான கோனைத் தாங்கிப் பிடிக்கும் காற்றழுத்தம் இல்லாததால் அது கட்டுப்பாடின்றி முன்னும் பின்னும் பாயும். அந்த எல்லையில், அதற்குக் கீழுள்ளவற்றை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

குறைகளும் இருக்கின்றன. விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையைத் தாண்டிச் செல்லும் ஏசியோ வழியாகவோ வாசாபியின் எக்ஸ்க்ளூசிவ் முறையிலோ இயங்கும் பிளேயர்களின் ஒலி ஏபிஓவைத் தொடாமலே போய்விடும். ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இன்-இயருக்கான திருத்தம் கைபேசிக்கு ஏறாது. அங்கே அதே எண்களை ஏற்கும் வேறு செயலியைத் தேட வேண்டும். இயர்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஃபில்டர்கள் வைக்க வசதி இருந்தாலும், அதற்கான கட்டளையை முதல் பார்வையில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒலி டிரைவர் புதுப்பிக்கப்பட்டால் ஏபிஓவின் பிணைப்பு சில சமயம் அறுந்துபோகிறது. அப்போது கருவித் தேர்வை மறுபடி செய்து கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். டெக்ஸ்ட் கோப்பை எடுத்து வேறிடத்தில் ஒரு பிரதி வைத்திருந்தால், அடுத்த கணினிக்கும் அதையே கொண்டுபோகலாம்.