தாத்தாவின் மேஷியைச் சீவிவிட்டார்கள்

மரக்கம்பு வைத்த பழைய கோல்ஃப் மட்டை உங்கள் வீட்டில் இருக்கிறதா? பிடி பிய்ந்துவிட்டது, கிரிப் மாற்றலாம் என்று உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நான் ஓடினேன். 3,800 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை.

தாத்தா கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் கேடியாக, அதாவது ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக இருந்தவர். 1895இல் தொடங்கிய கிளப் அது. ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவர் போகும்போது இரண்டு மட்டைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒன்று மேஷி, இன்னொன்று நிப்லிக். இன்றைக்கு 5, 9 என்று எண் போட்ட இரும்பு மட்டைகள் செய்கிற வேலையை அன்றைக்கு ஏறக்குறைய இவைதான் செய்தன. மேஷியின் தலைக்குப் பின்னால் சின்னதாக ஒரு புகைக்குழாய் முத்திரை இருக்கும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் டாம் ஸ்டூவர்ட் பட்டறையில் அடித்த தலைகளுக்கு அதுதான் அடையாளம். கம்பு ஹிக்கரி மரம். எஃகுக் கம்புக்கு, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அனுமதி கொடுத்ததே 1929இல்தான். தாத்தா அதை வைத்து எவ்வளவு ஆடினாரோ தெரியாது, பேரிக்காய் உலுக்குவதற்கு அந்த மேஷியைத்தான் எடுப்பார்.

பிடியில் சுற்றியிருந்த தோல், கீழ்ப்பக்கம் நாலு விரற்கடை அளவுக்குப் பிரிந்து, கட்டியிருந்த நூல் அறுந்து தொங்கியது. பழுது அவ்வளவுதான். சென்னையில் கோல்ஃப் சாமான் விற்று கிரிப்பும் மாற்றித் தரும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். தோல்தான் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

"ஒரிஜினல் லெதர் சார், வெளிநாட்டுச் சரக்கு. எல்லா ஸ்டிக்கும் நமக்கு ஒண்ணுதான், விட்டுட்டுப் போங்க."

ரசீதில் 'கிரிப் - 1' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு வாரம் என்றவர்கள் மூன்று வாரம் கழித்துக் கொடுத்தார்கள். கறுப்பாக, பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. பழைய தோல் எங்கே என்று கேட்டேன். "அழுகிப்போன தோல் எதுக்கு சார், குப்பைல போட்டாச்சு." அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொடைக்கானல் பனியில் பிடி கையோடு சேர்ந்து சுழல ஆரம்பித்தது. ஊரில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். மோந்து பார்த்தார், வெட்டிய ஓரத்தை நகத்தால் நெம்பினார். "தம்பி, இது ரெக்சின். ஓரத்துல துணி தெரியுது பாருங்க. தோலா இருந்தா நார்நாரா இருக்கும்." பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். அதற்கும் கீழே வெள்ளை வெளேரென்று மரம். கம்பைச் சீவியிருக்கிறார்கள்!

ஏன் சீவினார்கள் என்பது கடைப்பையனைப் போனில் பிடித்துக் கேட்ட பிறகுதான் புரிந்தது. இப்போதைய கிரிப் ஒரு ரப்பர் உறை. உள்துளை 0.580 அல்லது 0.600 அங்குலம், அதாவது சுமார் 15 மில்லிமீட்டர். எஃகுக் கம்பில் டேப் ஒட்டி, கரைப்பான் ஊற்றி, வழுக்கும்போதே ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார்கள். ஹிக்கரிக் கம்பு அப்படியில்லை. கையால் இழைத்தது, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அதன்மேல் கம்பளித் துணிப்பட்டை சுற்றி, அதற்கு மேல் ஓரம் சீவி மெலிசாக்கிய தோல் வாரை இழுத்துச் சுற்றுவார்கள். உச்சியில் ஒரு சின்ன ஆணி, கீழே மெழுகு நூல் கட்டு. கைக்கு மெத்தென்று இருப்பது அந்தத் துணியால்தான். இவர்கள் துணியை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எறிந்திருக்கிறார்கள். முதலில் ரப்பரைப் போடப் பார்த்து, அது ஏறாததால் மரத்தை இழைத்திருக்கிறார்கள். அதுவும் சரிப்படாமல்தான் கடைசியில் ரெக்சின். நடுவில் ஸ்பிரிட்டால் வேறு துடைத்திருக்கிறார்கள், அரக்குப் பூச்சு முழுக்கக் கலங்கிவிட்டது.

கடைக்காரர் "ரெண்டு மாசம் கழிச்சு வந்து சொன்னா எப்படி" என்று இழுத்து, கடைசியில் 1,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் 'கிரிப் - 1' என்ற ரசீதை வைத்துக்கொண்டு தோல் கேட்டேன் என்று எப்படி நிரூபிப்பது? என்ன பொருள், என்ன வேலை என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கம்புக்கு முன்பு தோல் சுற்றியிருக்கிறார்களா, அதைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான்" என்று பதில் வந்தால் மட்டையோடு வீடு திரும்புங்கள். தோல் வெறுமனே காய்ந்திருந்தால் மாற்றவே தேவையில்லை. குதிரைச் சேணம் துடைக்கிற சோப்பால் லேசாகத் துடைத்து, தோலுக்கான எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் பூசினால் போதும். எண்ணெய் கூடினால் கையில் வழுக்கும்.

மேஷிக்கு அந்த அண்ணனே இப்போது துணியைக் கூடுதலாகச் சுற்றிக் கனத்தை ஈடுகட்டி, ஆட்டுத்தோல் வார் போட்டுக் கொடுத்திருக்கிறார். பிடிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாத்தாவின் கட்டை விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் பள்ளமான இடம் அந்தப் பழைய தோலில்தான் இருந்தது.

நல்லவேளை, நிப்லிக்கை நான் கடைக்குக் கொண்டுபோகவில்லை. அதிலும் நூல் அவிழ்ந்துதான் இருந்தது. தோலைத் தொடாமல் நூலை மட்டும் மெழுகு தடவிப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார் அண்ணன். 150 ரூபாய் வாங்கினார்.