விடியற்காலையா, ராத்திரியா? பிளஸ் டூ படிப்பில் கவனம் எதில் நிற்கிறது

பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், அங்கிருந்து அப்படியே டியூஷன் என்று ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கவே ஒன்பது மணி ஆகிவிடுகிறது நிறைய பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. சொந்தமாகப் படிக்க மிஞ்சுவது இரண்டு மணி நேரம். அதை எப்போது, எப்படிச் செலவழிப்பது என்பதில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், எல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராது. அதனால் எதிரெதிராக வைத்தே பார்ப்போம்.

முதலில் அந்தப் பழைய கேள்வி: விடியற்காலையா, ராத்திரியா? பெரியவர்கள் எல்லாரும் நாலு மணி கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. டிவி ஓடாது, வாட்ஸ்அப் குரூப் தூங்கும், யாரும் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், மூளையும் தெளிவாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் அது விடியற்காலைப் படிப்பே இல்லை, தூக்கத்தைத் திருடுவது. 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்கிறது. அவ்வளவு முடியாவிட்டாலும், ராத்திரி ஒன்பதரைக்கே படுக்க வழியிருக்கிறவர்கள்தான் விடியற்காலையை நம்பலாம். டியூஷன் முடிந்து வரவே ஒன்பதாகிறது என்றால் ராத்திரிதான் சரி, அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். படித்துவிட்டுத் தூங்கும்போதுதான் படித்தது நினைவில் உறைகிறது, ஆக ராத்திரிப் படிப்பு வீண் போகாது.

வேலையை மாற்றி வைப்பதுதான் முக்கியம். களைத்த நேரத்தில் புதுப்பாடத்தை எடுத்து வாசித்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொக்கும். ராத்திரிக்குக் கணக்கு போடுவது, ஒரு மார்க் கேள்விகளை எழுதிப் பார்ப்பது மாதிரிக் கைக்கு வேலை கொடுங்கள். புரிந்துகொள்ள வேண்டியதைத் தூங்கி எழுந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். ஒரே அறை உள்ள வீட்டில் அண்ணன், தங்கை, பாட்டி எல்லாரும் அங்கேயே இருக்கும்போது விடியற்காலையை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த வீட்டுப் பெரியவர்கள் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தாலே பிள்ளைக்குப் பெரிய உதவி.

அடுத்தது டைமர் வைத்துப் படிப்பதா, பாடம் முடியும்வரை உட்காருவதா? 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையை இத்தாலியின் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கினார். புத்தகத்தைத் திறக்கவே மனசு வராத நாளுக்கு இது ரொம்ப நல்லது, 25 நிமிடம்தானே என்று உட்கார்ந்துவிடலாம். உயிரியல், வரலாறு மாதிரிப் பாடங்களுக்கும் ஒத்துவரும். ஆனால் இயற்பியலில் ஐந்து மார்க் தருவிப்பின் நடுவிலோ, கணக்குப்பதிவியலில் இறுதிக் கணக்கு பாதி போட்டிருக்கும்போதோ மணி அடித்தால் எழுந்திருக்காதீர்கள், விட்ட இடத்தைப் பிடிக்கவே பத்து நிமிடம் போய்விடும். தவிர, பொதுத்தேர்வில் 15 நிமிடம் வினாத்தாளைப் படித்து, விவரங்களைச் சரிபார்த்த பிறகு, 3 மணி நேரம் ஒரே மூச்சில் எழுத வேண்டும். 25 நிமிடத்திலேயே பழகிய உடம்பு அதைத் தாங்காது. அரையாண்டு நெருங்கும்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு உட்கார்ந்து ஒன்றேகால் வரை ஒரு பழைய வினாத்தாளை முழுசாக எழுதிப் பழகுங்கள்.

அந்த 5 நிமிட ஓய்வில் போனை எடுத்தால் எல்லாம் போச்சு. போனைத் தடுக்க ஆப் போடுவதா, போனையே தள்ளி வைப்பதா என்றால் தள்ளி வைப்பதுதான், யோசிக்கவே வேண்டாம். ஆப்பை அழிக்க ஒரு விரல் போதும். ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப்பில்தானே வருகிறது என்பது நியாயமான சிக்கல். ஒரே தடவை பார்த்து ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வாசிப்பதா, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதா? இதில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். கவனத்துக்கும் இதுதான் நல்லது, ஏனென்றால் வாசிக்கும்போது கண் வரியில் ஓடும், மனசு வேறெங்கோ இருக்கும். வெற்றுத்தாளில் எழுதும்போது அது நடக்காது, தெரியாத இடத்தில் பேனா நின்றுவிடும்.

வீடா, நூலகமா என்றால் லீவு நாளுக்கு நூலகம். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்திருக்கிறது. போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் பக்கத்துக் கிளை நூலகமே மேல்.

குரூப் ஸ்டடியைத் தனியாகப் படிப்பதற்குப் பதிலாக வைக்காதீர்கள். அவரவர் படித்து முடித்த பிறகு, வாரக் கடைசியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், அப்போதும் தீராத டவுட்டை மட்டும் குறித்துவைத்து திங்கட்கிழமை டீச்சரிடம் கேளுங்கள்.