பூச்சியியல் ஆய்வா, பன்றிப் பண்ணையா?

பூச்சியியல் முனைவர் ஆய்வை விட்டுவிட்டு ஜிம்மி டோஹர்டி இங்கிலாந்தின் சஃபோக்கில் பன்றி வளர்க்கப் போனார். 2004-இல் பிபிசி அதைத் தொடராகவே ஒளிபரப்பியது.

ஆய்வில் உதவித்தொகை குறைவு, ஆனால் தவறாமல் வரும். பண்ணையில் முதல் காசுக்கே காத்திருக்க வேண்டும்: சினைக்காலம் சுமார் 114 நாள்; கலப்பினக் குட்டி 100 கிலோவைத் தொட ஐந்தாறு மாதம். எசெக்ஸ் போன்ற பழைய பன்றி இனம் இன்னும் மெதுவாக வளரும், கொழுப்பும் கூடுதல். மொத்த விலைக்குத் தள்ளினால் தீவனச் செலவே தேறுவது கடினம். இறைச்சியைச் சாசேஜ் (அரைத்து உறையில் அடைத்த இறைச்சி) ஆக்கி நேரடியாக விற்பதே வழி. சமையலறைக் கழிவைப் போட்டுச் செலவைக் குறைக்கவும் முடியாது, 2001 கோமாரி நோய்ப் பரவலுக்குப் பின் பிரிட்டனில் அதற்குத் தடை. டோஹர்டி போலத் தொலைக்காட்சித் தொடர் கைகொடுக்காதவர் ஓராண்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கலாம்.

டோஹர்டியின் படிப்பும் வீணாகவில்லை: 2008-இல் மரபணு மாற்றப் பயிர்கள் பற்றிய பிபிசியின் ‘ஹொரைஸன்’ அறிவியல் நிகழ்ச்சியை வழங்கியவர் அவரே.