ஒரே டிவி, 12 வகுப்பு: கல்வித் தொலைக்காட்சி, விக்டர்ஸ், ஸ்வயம் பிரபா ஓர் ஒப்பீடு

பள்ளிகள் பூட்டிக்கிடந்த 2020ஆம் வருடக் கடைசியில் ஒரு நாள், அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் பார்த்தேன். அக்கா மகள் தரையில் நோட்டை விரித்து, ஸ்கேல், பென்சில், மூலைமட்டம் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். பித்தகோரஸ் தேற்றம். மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, இரண்டையும் சேர்த்துக் கர்ணத்தை அளந்து பாருங்கள் என்றார் டிவியில் வந்த ஆசிரியர். அவள் வரைந்தாள். மூலைமட்டத்தை வைத்துச் செங்கோணத்தைச் சரிபார்த்தாள். ஸ்கேலைச் சாய்த்து வைத்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே திரையில் அடுத்த படம் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தவள் டிவியை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்: "அஞ்சுதான் வருது, சரிதானே சித்தி?"

சரிதான். ஆனால் நான் பக்கத்தில் இல்லாத நாளில் அவள் யாரிடம் கேட்டிருப்பாள்?

அன்றிலிருந்து எந்தக் கல்விச் சேனலைப் பார்த்தாலும் முதலில் அதன் அன்றாட அட்டவணையைத்தான் தேடுகிறேன். எந்த வகுப்புக்கு எத்தனை அரை மணி நேரம் தருகிறார்கள், தவறவிட்ட பாடம் மறுபடி எப்போது வரும், அந்த நேரத்தில் பிள்ளை வீட்டில் இருக்குமா என்பதெல்லாம் பாடம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்குச் சமமான கேள்விகள். கொரோனா முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று சிலர் கேட்கலாம். மழைக்கு விடுமுறை விடும் நவம்பர் மாதமும், அம்மை போட்டுப் படுத்திருக்கும் பிள்ளையும், டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளும் இன்னும் இருக்கின்றன.

நம்முடைய தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சியிலிருந்தே தொடங்கலாம். 2019 ஆகஸ்ட் 26 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தார். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் எட்டாவது மாடியில் ஸ்டுடியோ. அரசு கேபிளில் 200ஆம் எண் ஒதுக்கினார்கள். தொடங்கி ஏழே மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அந்த ஒன்றரை வருடத்துக்கும் மேலான காலத்தில் இணையமோ ஸ்மார்ட்போனோ இல்லாத வீடுகளில் பாடம் என்று ஏதாவது நுழைந்தது என்றால், பெரும்பாலும் இந்த வழியாகத்தான். அதற்காகவே இந்தச் சேனல் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

அதன் பெரிய பலம், பிள்ளையின் மடியில் இருக்கும் அதே பாடநூல். நம் பாடத்திட்டத்தை நடத்தும் ஆசிரியர்களே திரையில் வருகிறார்கள். அதே படம், அதே பயிற்சிக் கணக்கு. 'கர்ணம்', 'வர்க்கம்' என்று புத்தகத்தில் உள்ள சொல்லே காதில் விழுகிறது. (ஆங்கில வழியில் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இதுவே தடையாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஹைபாட்டினியூஸ் என்று படித்தவளுக்குக் கர்ணம் புதுச் சொல்.)

பலவீனம் எங்கே என்றால், வெறும் நேரக் கணக்கில். ஒரு நாளில் 48 அரை மணி நேரங்கள். இரவு இரண்டு மணிக்கு எந்தப் பிள்ளையும் பாடம் பார்க்காது. காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை என்று வைத்தால் 32. அதை 12 வகுப்புக்குப் பங்கு போட்டால் ஒரு வகுப்புக்கு மூன்றுகூடத் தேறாது. ஆறாம் வகுப்புக்கே தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். மேல்நிலைக்கு வந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒரு பக்கம், வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் இன்னொரு பக்கம். இதற்கு நடுவில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி, மேற்படிப்பு வழிகாட்டல் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கப்போய், ஒரே பாடத்தை அன்றே இரண்டாம் முறை போட இடம் இல்லாமல் போகிறது. அன்று அக்கா மகளுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாம் முறைதான்.

இந்தப் பங்கு போடும் சிக்கல் புதிதல்ல. 1975 ஆகஸ்டிலிருந்து 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகப் பாடம் அனுப்பிய 'சைட்' (SITE) என்ற தொலைக்காட்சிச் சோதனையில், காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். அதை நான்கு மொழிக்குப் பிரித்தபோது ஒரு மொழிக்குக் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடம். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை.

கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸ், நம்முடைய சேனலுக்கு 14 வருடம் மூத்தது. 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை ஏவினார்கள். அதைப் பயன்படுத்தி 2005 ஜூலை 28 அன்று, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் விக்டர்ஸைத் தொடங்கிவைத்தார். ஆகவே 2020 ஜூன் 1 அன்று 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் பள்ளிப் பாடங்களை ஒளிபரப்ப இறங்கியபோது அவர்களுக்குக் கை பழகியிருந்தது.

அந்த முதல் நாள் அட்டவணையை நான் இன்னும் வியந்து பார்ப்பேன். காலை எட்டரைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டு மணி நேரம். பத்தரைக்கு ஒன்றாம் வகுப்பு, அரை மணி. பதினொன்றுக்குப் பத்தாம் வகுப்பு, ஒன்றரை மணி. அப்புறம் மற்ற வகுப்புகள் வரிசையாக. சேர்க்கையே முடியாததால் பதினொன்றாம் வகுப்பை அப்போதைக்கு விட்டுவிட்டார்கள். சின்ன வகுப்புக்கு ஒரு நாளைக்கு அரை மணிதான். கேட்கும்போது ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஆனால் "நம்ம பாப்பாவுக்குப் பத்தரை மணி" என்று வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் மனப்பாடம் ஆகிவிடும். நினைவில் நிற்காத பெரிய அட்டவணையைவிட நினைவில் நிற்கும் சின்ன அட்டவணை மேல் என்பது என் கருத்து.

முதல் நாட்களை வெள்ளோட்டம் என்று அறிவித்தார்கள். தவறவிட்டவர்களுக்காக மறுபடி போட்டார்கள். டிவியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று கணக்கெடுத்து, நூலகங்களிலும் பொது இடங்களிலும் உட்காரவைத்துப் பாடம் காட்டினார்கள். சேனல் நடத்துவது என்றால் அதைப் பார்க்க ஓர் இடம் ஏற்பாடு செய்வதும் சேர்த்துத்தான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அந்த ஒன்றாம் வகுப்புப் பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மிட்டுப் பூனை, தங்குப் பூனை என்று இரண்டு பூனைகளை வைத்து ஓர் ஆசிரியை கதை சொன்னார். எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதுபோலவே பேசினார், கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். கேரளமே அன்று அந்தப் பூனைகளைப் பற்றித்தான் பேசியது. மலையாளம் அரைகுறையாகப் புரியும் எனக்கே கடைசி வரை பார்க்கத் தோன்றியது. கேமராவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளையை அவர் மறக்கவே இல்லை.

விக்டர்ஸ் நம் பிள்ளைகளுக்கு நேரடி மாற்று ஆகாது. மொழி வேறு, பாடத்திட்டம் வேறு. இடுக்கி, பாலக்காடு பக்கம் இருக்கும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கென்று தமிழிலும் வகுப்புகள் தயாரித்தார்கள், அது அவர்களுக்குப் பயன். நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அட்டவணையும் அந்தப் பேச்சு முறையும்தான்.

மூன்றாவது, மத்திய அரசின் ஸ்வயம் பிரபா. 2017 ஜூலையில் 32 சேனல்களோடு வந்தது. ஜிசாட் 15 செயற்கைக்கோள் வழியாக, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷில் கிடைக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஒவ்வொரு சேனலிலும் தினமும் குறைந்தது நான்கு மணி நேரம் புதுப் பாடம், அதே நான்கு மணி நேரம் அன்றைக்கே இன்னும் ஐந்து முறை மறு ஒளிபரப்பு என்ற ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு விட்டதைப் பத்துக்குப் பிடிக்கலாம், பத்துக்கு விட்டதை இரண்டுக்கு, அதையும் விட்டால் மாலை ஆறுக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களை மனதில் வைத்து யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். முதல் முறை கேட்பதற்கு, இரண்டாம் முறை எழுதுவதற்கு என்று வைத்துக்கொண்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது.

ஆனால் உள்ளே வரும் பாடம் பெரும்பாலும் கல்லூரிக்கானது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள், பல்கலைக்கழகப் பாடங்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். பொறியியல் படிக்கும் பிள்ளைக்குப் பொக்கிஷம். பள்ளிக்கென்று 2020 மே மாதம் 'ஒரு வகுப்பு, ஒரு சேனல்' என்று 12 சேனல்களை அறிவித்தார்கள். பங்கு போடும் சிக்கல் அங்கே தீர்ந்தது, மொழிச் சிக்கல் வந்தது. 2022 பட்ஜெட்டில் அந்த 12ஐ 200 ஆக்கி, மாநில மொழிகளிலும் பாடம் தர வழிசெய்வதாகச் சொன்னார்கள். திசை சரியானது. சமச்சீர்ப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பின்தொடரும் பாடம் எது என்று கேட்டால், என் கை இன்னும் கல்வித் தொலைக்காட்சி பக்கம்தான் போகிறது.

யூடியூப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களே யூடியூபிலும் இருக்கின்றன. 2018இல் வந்த புதுப் பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சடித்திருக்கிறார்கள், 2023இல் பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் வந்துவிட்டது. நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், கர்ணத்தை நிதானமாக அளந்துவிட்டு மேலே போகலாம். அந்த ஒரு வசதிக்கு டிவியிடம் பதில் இல்லை.

ஆனால் போன் யாருடையது? அக்கா வீட்டில் அப்போது இருந்த ஒரே ஸ்மார்ட்போன் மாமாவுடையது. காலை எட்டரைக்கு அவரோடு வேலைக்குப் போய்விடும், இரவு எட்டுக்கு வரும்போது பத்து சதவீதம் சார்ஜ் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். அப்புறம், பாடம் முடிந்த மறு நொடி அடுத்த வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கும், அது பாடமாக இருக்காது. டிவியில் பாடம் முடிந்தால் அடுத்து வருவதும் ஒரு பாடம். தம்பியின் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும், சமையல் செய்துகொண்டே அம்மா காதில் வாங்குவதும் போனில் நடக்காது. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் "சரிதானே சித்தி?" என்ற கேள்வியும் வராது.

ஆக, என் யோசனை இப்படி. பத்தாம் வகுப்புக்கு மேல், கையில் சொந்தமாக போன் இருக்கும் பிள்ளைக்கு யூடியூப் பதிவுகளும் மணற்கேணியும் போதும், சேனலுக்காக நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கல்லூரி மாணவர்கள் ஸ்வயம் பிரபாவை ஒரு தடவையாவது திருப்பிப் பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை, அதிலும் பெரியவர் யாராவது கூடத்தில் இருக்கும் வீட்டில், கல்வித் தொலைக்காட்சிக்கே என் ஓட்டு.

அந்தச் சேனலிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, புதுப் பாடங்களைக் குறைத்தாலும் பரவாயில்லை, காலையில் போட்டதை அன்று மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் மறுபடி போடுங்கள், தினமும் அதே நேரத்தில். இரண்டாவதற்குப் பணமும் வேண்டாம், கூடுதல் சேனலும் வேண்டாம். "வரைந்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கட்டும். அந்த முக்கோணம் அதுவரை திரையிலேயே இருக்கட்டும்.