பிட்வார்டன்: மலையகத்துக் கைத்தொலைபேசியில் ஒரு கடவுச்சொல் பெட்டகம்

பிட்வார்டன் (Bitwarden) என்பது கடவுச்சொற்களை ஒரே பூட்டுக்குள் வைத்துப் பாதுகாக்கும் செயலி. 2016 முதல் வெளிவருகிறது. அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம். எத்தனை கடவுச்சொற்களை வேண்டுமானாலும், எத்தனை சாதனங்களில் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம். இத்தகைய செயலிகளைப் பற்றி எழுதுபவர்கள் மறதியையே முதற்காரணமாகச் சொல்வது வழக்கம். அட்டனிலும் பண்டாரவளையிலும் இதைப் பலருக்கு நிறுவிக் கொடுத்து, நானும் தொடர்ந்து பயன்படுத்திவரும் அனுபவத்தில், மறதிக்கு மருந்து என்பதை இதன் இரண்டாவது பயனாகவே கருதுகிறேன். முதற்பயன், பொய்யான இணைய முகவரியின் முன்னால் இது கடவுச்சொல்லை எடுத்து நீட்டாமல் இருப்பது.

இதைச் சற்று விளக்க வேண்டும். உங்கள் பேஸ்புக் கணக்கு முடக்கப்படப் போகிறது, உடனே உறுதிப்படுத்துங்கள் என்று ஒரு செய்தி வருகிறது. இணைப்பைத் தொட்டால் நீல நிறமும் இலச்சினையும் மாறாமல் அசல் பக்கம் போலவே ஒன்று திறக்கிறது. மேலே உள்ள முகவரியில் பேஸ்புக் என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால், ஒரு தளம் யாருடையது என்பதைச் சொல்வது முகவரியின் முற்பகுதி அன்று. https:// என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால் வரும் முதலாவது சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால், இறுதியாக நிற்கும் பெயர்தான் (facebook.com போன்றது). அதற்கு முன்னால் எந்த நிறுவனத்தின் பெயரையும் எவரும் ஒட்டிக்கொள்ளலாம். தமிழிலேயே படித்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் நிறைந்த நம் ஊர்களில், ஐந்து அங்குலத் திரையில் பாதி மறைந்து தெரியும் அந்த முகவரியை வலமிருந்து இடமாக ஆராய்ந்து பாருங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. நடைமுறையில் ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களே அதைச் செய்வதில்லை. பிட்வார்டனோ, கடவுச்சொல்லைச் சேமிக்கும்போதே எந்தத் தளத்துக்குரியது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. அதே தளத்துக்குத் திரும்பி வரும்போது மட்டும் கடவுச்சொல்லை நிரப்ப முன்வருகிறது. ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் அதற்கு அது அந்நியத் தளம். வழக்கமாகத் தானே நிரப்பும் செயலி ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை என்று காட்டினால், அங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்ற ஒரே விதியை வயதானவர்களும் எளிதில் கற்றுக்கொள்கிறார்கள்.

மலையகத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தோட்டப் பகுதிகளில் பெரும்பாலானோரின் முதலாவது ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்தவர் கொமியூனிகேஷன் கடைக்காரர்தான். புதுப் போன் வாங்கும்போதோ, பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போதோ, வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு மின்னஞ்சல் தேவைப்படும்போதோ, அவர்தான் கணக்கைத் திறக்கிறார். கடவுச்சொல்லையும் அவரே தெரிவு செய்கிறார். அதை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறார். வருபவர் எவருக்கும் அதே கடவுச்சொல்லையோ, பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டையோ போடுவதும் சாதாரணம். மீட்புக்கான தொலைபேசி எண்ணாகக் கடையின் எண்ணே கொடுக்கப்பட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இவர்களில் பெரும்பாலானோர் உதவும் மனத்துடன்தான் இதைச் செய்கிறார்கள், சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கொப்பி எவர் கையிலும் கிடைக்கலாம், கடை கைமாறலாம், பயன்படுத்தாமல் விடப்பட்ட சிம்மின் எண் வேறொருவருக்கு வழங்கப்படலாம். கணக்கின் சொந்தக்காரர் தம் கணக்குக்குள் நுழையவே இன்னொருவரைத் தேடிப் போக வேண்டிய நிலையும் வருகிறது. ஆகவே பிட்வார்டனை நிறுவிய அன்றே செய்ய வேண்டிய வேலை, ஜிமெயிலின் கடவுச்சொல்லைச் செயலியே உருவாக்கித் தரும் நீண்ட கடவுச்சொல்லாக மாற்றி, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்ள மீட்பு எண்ணையும், அங்கே வரிசையாகக் காட்டப்படும் பழைய சாதனங்களையும் பார்த்து, தமக்குரியவை அல்லாதவற்றை நீக்குவது. இந்த வேலையைச் செய்யாமல் பெட்டகத்தை மட்டும் நிறுவுவதில் பொருள் இல்லை.

கூகுளும் இதே சேவையைத் தருகிறதே என்று கேட்கலாம். அன்ட்ராய்ட் போனிலும் குரோம் உலாவியிலும் கடவுச்சொல்லைச் சேமிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் தளத்தின் முகவரியைப் பார்த்தே நிரப்புகிறது. கூகுள் கணக்கு முழுக்கத் தம் கையில் உள்ளவருக்கு அதுவே போதும். புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் மேற்சொன்ன கொப்பியில் எழுதப்பட்ட கணக்குக்குள்ளேயே எல்லாக் கடவுச்சொற்களையும் சேர்த்து வைப்பது, வீட்டுச் சாவியை அயலவரிடம் கொடுத்துவிட்டு நகைப்பெட்டியை வீட்டுக்குள்ளேயே வைப்பதற்கு ஒப்பாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே நம் பகுதியில் தனியான பெட்டகத்தைப் பரிந்துரைக்கிறேன்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெட்டகத்தையே திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அதை நிறுவனத்தால் மீட்டுத் தர முடியாது. தரவுகள் உங்கள் சாதனத்திலேயே மறைகுறியாக்கப்பட்டு, அதன் பின்னரே வெளியே அனுப்பப்படுவதால், அவர்களிடம் இருப்பது திறக்க முடியாத பொதி மட்டுமே. மறந்தால் பெரும்பாலும் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்துக்கொள்வது நல்லது. செயலியே இத்தகைய சொற்றொடரை உருவாக்கித் தரும், ஆனால் ஆங்கிலச் சொற்களால் மட்டும்; நம் பெற்றோருக்கு அது மனத்தில் நிற்காது. சொந்தக் கற்பனையில் கோக்கும்போது தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் கோயில் பெயரையும் தவிர்க்க வேண்டும். அதைத் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும் கோப்பில் வைப்பதில் தவறில்லை. இணையத் திருடன் லயத்து அலுமாரிக்குள் வருவதில்லை.

கணக்குத் திறக்கும்போது, தரவுகளை வைத்திருக்கும் கணினி (வழங்கி, server) அமெரிக்க வழங்கியா, ஐரோப்பிய வழங்கியா என்று சிறிய எழுத்தில் ஒரு தெரிவு இருக்கும். எதை எடுத்தாலும் வேறுபாடில்லை, ஆனால் எதை எடுத்தோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மற்ற வழங்கியில் நுழைய முயன்றால் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே விடாது. கணக்குத் தொலைந்துவிட்டதாக நினைத்துப் பதறுபவர்கள் உண்டு. இதைவிடக் கடுமையான சிக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறையை) இயக்காத கணக்குகளுக்கு, புதிய சாதனத்தில் நுழையும்போது மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டை அனுப்பும் முறையை 2025இல் கொண்டுவந்தார்கள். போன் தொலைந்துபோய், புதிய போனில் நுழைய முற்படும் ஒருவருக்கு அந்தக் குறியீட்டைப் பார்க்க மின்னஞ்சலின் கடவுச்சொல் வேண்டும். அந்தக் கடவுச்சொல்லோ பெட்டகத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். எனவே மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அதே தாளில் எழுதி வைக்க வேண்டும், அல்லது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கி, அப்போது தரப்படும் மீட்புக் குறியீட்டை எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது வழி சிறந்தது. குறியீட்டை உருவாக்கித் தரும் தனிச் செயலி வழியான சரிபார்ப்பு இலவசக் கணக்கிலேயே கிடைக்கிறது.

மலைகளுக்கிடையே சிக்னல் அறுந்து அறுந்து வரும் இடங்களில் இது எப்படி இயங்கும் என்பது நியாயமான கேள்வி. ஏற்கெனவே உள்நுழைந்த சாதனத்தில் பெட்டகத்தின் பிரதி ஒன்று இருப்பதால், இணையம் இல்லாதபோதும் பூட்டைத் திறந்து கடவுச்சொல்லைப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ப்பதும் திருத்துவதும் மட்டும் முடியாது. ஒரு எச்சரிக்கை: பூட்டுவதும் வெளியேறுவதும் இரு வேறு செயல்கள். வெளியேறிவிட்டால், மீண்டும் நுழைய இணையம் கட்டாயம் தேவை.

இலவசக் கணக்கிலேயே இன்னொருவருடன் சில கடவுச்சொற்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதி உண்டு, இருவருக்கு மட்டும். கொழும்பில் வேலை செய்யும் மகனும் கொட்டகலையில் இருக்கும் தாயும் மின்கட்டணக் கணக்கையோ தொலைபேசி நிறுவனக் கணக்கையோ இப்படிப் பகிரலாம். கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் அனுப்பி அது அங்கேயே கிடக்கும் பழக்கம் இதனால் ஒழியும். ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால் நம்பிக்கைக்குரியவர் பெட்டகத்தைத் திறக்கும் அவசர அணுகல் வசதிக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு இயங்கும் வங்கி அட்டை வேண்டும் என்பதால், நம்மில் பலருக்கு அது இப்போதைக்கு எட்டாது. இலவசப் பகுதியே தாராளமாக இருப்பதால் குறையாகத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்தில்லையா என்ற தயக்கத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற போட்டி நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் பிரதிகளே திருடப்பட்டன. வலுவற்ற முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவர்கள்தான் அப்போது கூடுதல் ஆபத்தில் நின்றார்கள். நான்கைந்து சொற்கள் வேண்டும் என்று மேலே வற்புறுத்தியதன் காரணமும் அதுவே. 2025 ஓகஸ்டில், உலாவி நீட்சிகளாக (உலாவியுடன் இணைத்துக்கொள்ளும் துணைச் செயலிகளாக) இயங்கும் பல கடவுச்சொல் பெட்டகங்களை, கண்ணுக்குத் தெரியாத அடுக்கை வைத்துப் பயனரைச் சொடுக்க வைத்து ஏமாற்றலாம் என்று ஆய்வாளர் ஒருவர் காட்டினார். பிட்வார்டனும் அவற்றில் ஒன்று. புதிய பதிப்பில் அதைத் திருத்தினார்கள். டேட்டா செலவாகும் என்று அஞ்சிப் புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது.

இனி, இதனால் ஆகாதவை. இந்தப் பகுதியைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும், ஏனெனில் நம் ஊரில் பணத்தை இழப்பவர்களில் பலர் கடவுச்சொல் திருட்டால் இழப்பதில்லை. தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பொதி வந்திருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, சிறு தொகை செலுத்தினால் அனுப்பி வைப்போம் என்கிறது. அந்தப் பக்கம் கேட்பது கடவுச்சொல்லை அன்று, வங்கி அட்டையின் எண்ணை. பிட்வார்டனில் அட்டை விவரங்களையும் சேமிக்கலாம், ஆனால் அட்டை எந்த ஒரு தளத்துடனும் கட்டப்பட்டிருப்பதில்லை. எந்தத் தளத்திலும் பயன்படுத்துவதற்கானது அது. ஆகவே போலிப் பக்கத்திலும் அட்டையை நிரப்ப முன்வரும். கடவுச்சொல்லில் நம்மைக் காக்கும் அதே செயலி, இங்கே திருடனுக்கு வேலையைச் சுலபமாக்கிவிடக்கூடும். அட்டை விவரங்களை இதில் சேமிக்காதீர்கள் என்பதே என் தீர்மானமான கருத்து.

தொலைபேசியில் அழைத்து, பரிசு விழுந்திருக்கிறது என்றோ வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றோ சொல்லி, போனுக்கு வந்த ஓடிபியை வாசிக்கச் சொல்பவனிடமிருந்தும் எந்தப் பெட்டகமும் காப்பாற்றாது. வட்ஸ்அப் கணக்கைப் பறிப்பவர்கள் கேட்கும் ஆறு இலக்கக் குறியீடும் அத்தகையதே. அதற்கு வட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் சென்று இருபடிச் சரிபார்ப்புக்கான பின் எண்ணைத் தனியாக வைக்க வேண்டும். பணத்தைப் போட்டால் நாள்தோறும் இலாபம் என்று பிரமிட் வலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் உறவினர் வழியாகவே வருகிறார்கள். அங்கே மென்பொருளுக்கு இடமே இல்லை, மத்திய வங்கி வெளியிட்டுள்ள தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலைப் பார்ப்பதுதான் வழி. ஏதேனும் நேர்ந்துவிட்டால் முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையோ கணக்கையோ நிறுத்த வேண்டும். இலங்கை கணினி அவசரத் தயார்நிலை அணியின் 101 என்ற எண்ணுக்கும் அறிவிக்கலாம்.

கடைசியாக நிறுவும் வழி. 2023 ஜனவரியில், கூகுள் தேடலில் விளம்பரமாக வந்த ஒரு போலிப் பக்கம் பிட்வார்டனின் நுழைவுப் பக்கம் போலவே அமைக்கப்பட்டு, முதன்மைக் கடவுச்சொல்லைத் திருட முயன்றது. மற்றத் தளங்களின் முகவரியை நமக்காகப் பார்க்கும் செயலிக்கு, தன்னுடைய முதன்மைக் கடவுச்சொல்லை நாம் எங்கே தட்டச்சு செய்கிறோம் என்பது மட்டும் தெரியாது. ஆகவே தேடிப் போய் நிறுவாமல் பிளே ஸ்டோருக்குள் நேரடியாகச் சென்று, வெளியிட்டவர் பெயர் Bitwarden Inc. என்று இருக்கிறதா என்று பார்த்து நிறுவுங்கள். முதன்மைக் கடவுச்சொல்லைச் செயலிக்குள்ளும் உலாவி நீட்சிக்குள்ளும் தவிர, தேடலில் அகப்பட்ட எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள். கொமியூனிகேஷன் கடையில் நிறுவிக்கொள்வதானால், முதன்மைக் கடவுச்சொல்லைத் தட்டும் அந்த ஒரு நிமிடம் மட்டும் போனை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.