வெப்ப முதிர்ச்சியை அளக்க ஒளிர்வா, எதிரொளிப்பா? நியூ ஆல்பனி களிப்பாறையில் என் தேர்வு

அமெரிக்காவின் இலினாய் படுகையில் உள்ள நியூ ஆல்பனி களிப்பாறையின் பெரும்பகுதி, டெவோனியக் காலத்தின் பிற்பாதியில் கடலடியில் படிந்த, கரிமப்பொருள் செறிந்த கரும்பாறை. அது எண்ணெய் ஈனும் அளவுக்கு வெப்பம் கண்டதா என்று அறிய எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விட்ரினைட் என்னும் தாவரக்கட்டை எச்சத் துகளின் எதிரொளிப்பை, அதாவது தன்மேல் படும் ஒளியில் அது எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்பதை அளப்பது. மற்றொன்று, டாஸ்மனைட்டீஸ் என்னும் நுண்ணிய கடற்பாசியின் எச்சம் நீல ஒளி பட்டதும் உமிழும் ஒளிர்வின் நிறத்தைப் படிப்பது. நான் ஒளிர்வையே முதன்மையாகக் கொண்டேன்.

எதிரொளிப்பின் சிறப்பு அனைவரும் அறிந்ததே. 546 நானோமீட்டர் ஒளியில், எண்ணெய் அமிழ்ப்பு வில்லையின் கீழ் அளந்து, 0.6 விழுக்காட்டை ஒட்டி எண்ணெய் உருவாகத் தொடங்குகிறது, 1.3ஐ ஒட்டி முடிகிறது என்று எவரும் ஒப்புக்கொள்ளும் எண்ணில் பேசலாம். நிலக்கரிக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ஆனால் எந்தத் துகளை அளக்கிறோம் என்ற உறுதி வேண்டும். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். விட்ரினைட் நிலத்தாவரங்களின் கட்டையிலிருந்து வருவது. கரையிலிருந்து தொலைவில் படிந்த டெவோனியக் களிப்பாறையில் அது அரிது. இருப்பதும் சிறு துணுக்குகளே. அதே பாறையில் சாம்பல் நிறத்தில், ஏறத்தாழ அதே தோற்றத்தில், எண்ணெய்ப்பொருள் இறுகி உண்டான திண்ம பிட்டுமன் நிறைந்து கிடக்கிறது. முதிர்ச்சி குறைந்த பாறையில் பிட்டுமனின் எதிரொளிப்பு விட்ரினைட்டினுடையதைவிடக் குறைவு. பிட்டுமன் அளவை 0.618ஆல் பெருக்கி 0.40ஐக் கூட்டும் ஆய்வாளர் யாக்கோபின் 1989ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி, 0.3 காட்டும் பிட்டுமன் ஏறத்தாழ 0.59 விட்ரினைட்டுக்கு இணை. அதை விட்ரினைட் என்று எண்ணிவிட்டால், எண்ணெய்க் கட்டத்தின் வாசலில் நிற்கும் பாறையை முதிராத பாறை என்று எழுதிவிடுவோம். அளவீட்டில் பிழை இருக்காது. அளந்த பொருளில்தான் பிழை இருக்கும் என்பதால், எத்தனை துகளை எண்ணினாலும் அது சரியாகாது.

டாஸ்மனைட்டீஸில் இந்தக் குழப்பம் இல்லை. தடித்த சுவருடைய உருண்டை அமுங்கித் தட்டையாகி, படிவ அடுக்குக்குக் குறுக்காக வெட்டும்போது நடுவில் ஒரு மெல்லிய கோட்டுடன் நீண்டு தெரியும். அதை ஒருமுறை கண்டவர் பிறகு மறக்கமாட்டார். வெப்பம் ஏற ஏற அதன் மூலக்கூறுகளில் கார்பன் அணுக்கள் வளையமாகப் பிணைந்த அரோமாட்டிக் வளையங்கள் பெருகி, ஒளிர்வு நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்கிறது: பச்சை கலந்த மஞ்சள், பொன்மஞ்சள், ஆரஞ்சு, பிறகு மங்கல். 650, 500 நானோமீட்டர் ஒளிச்செறிவுகளின் விகிதத்தை எடுத்தால் இந்த நகர்வு எண்ணாகிறது. பாதரச விளக்கின் பொலிவு நாள்பட மங்குவதும் விகிதத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒளி தொடர்ந்து பட்டால் ஒளிர்வே மாறிவிடுவதால் விரைந்து அளக்க வேண்டும். வெளித்தெரியும் பாறையில் ஆக்சிஜனேற்றம் ஒளிர்வைக் கெடுக்கும். ஆகவே துளைக்கருவி எடுத்த உருளை மாதிரிகளையே நம்புகிறேன். எதிரொளிப்புக்கு இருப்பதைப் போன்று ஆய்வகங்கள் அனைத்தும் பின்பற்றும் அளவுத்திட்டம் இதற்கு இல்லை என்பதால், என் விகிதங்களை அதே நுண்ணோக்கியில் எடுத்தவற்றோடு மட்டுமே ஒப்பிடுகிறேன். எண்ணெய்க் கட்டத்தின் முடிவை நெருங்கும்போது ஒளிர்வு அணைந்துவிடும். அதற்கு மேற்பட்ட வாயுக் கட்டப் பாறைகளுக்கு எதிரொளிப்பைத்தான் நாட வேண்டும். என் அனுபவம் டாஸ்மனைட்டீஸ் மிகுந்த ஒரே பாறையில் பெற்றது. அது இல்லாத களிப்பாறையில் இதே முறையைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.