பழைய ஜீப்பா, ஜிப்சியா?

போடிமெட்டு ஏறும் ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பழைய ஃபோர் வீல் வண்டி, அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும் வண்டி வாங்க யார் யோசனை கேட்டாலும் மனசு முதலில் மஹிந்திரா பக்கம்தான் சாயும். ஆனால் நண்பர்களுக்காக வண்டி பார்க்கப் போய்ப் போய், நிறையப் பேருக்கு மாருதி ஜிப்சிதான் பொருந்தும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஜீப். மஹிந்திராவின் எம்.எம். 540 ஜீப்பில் இருப்பது 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின், 62 குதிரைத்திறன். கேட்கக் குறைவாகத்தான் தெரியும். ஆளும் மூட்டையுமாக ஏற்றிக்கொண்டு லோ கியரில் போட்டுப் பாருங்கள், அவசரமே இல்லாமல் மேட்டில் ஊர்ந்து ஏறிவிடும். தேனி, கம்பம் பக்கம் இதைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக் கிடையாது. ஆனால் இதில் மதுரைக்குப் போய்த் திரும்பினால் சத்தமும் அதிர்வும் ராத்திரி வரை காதில் நிற்கும்.

ஜிப்சி 1985 கடைசியில் வந்தது. அப்போது 970 சிசி, நாலே கியர். 1996-இல் 1298 சிசி 'கிங்' வந்தது. 2000-இல் அதே அளவு எஞ்சினுக்கு எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) வந்து 80 குதிரைத்திறன் ஆனது. வாங்கினால் இந்தக் கடைசி வகையைத் தேடுங்கள். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். ஜீப் புதைந்து நிற்கும் சேற்றை இது லேசாகத் தாண்டிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெட்ரோல் குடிக்கும், பின் சீட்டில் உட்காருகிறவர் இடுப்பு நோகும். வார நாளில் ஊருக்குள்ளும் லீவில் மலைக்கும் ஓட்டுகிறவருக்கு அதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான்.

ஜிப்சிக்குப் பெரிய எதிரி துரு. போன மழைக்காலத்தில் கோவைப் பக்கம் ஒன்று பார்த்தோம். புதுப் பச்சைப் பெயிண்ட், புது டயர், நண்பருக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கை துறுதுறுத்தது. நான் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, முன்னிருந்து பின்னுக்குத் தட்டிக்கொண்டே போனேன். கணீர் கணீர் என்று வந்த சத்தம், பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டது. இன்னும் ரெண்டு தட்டு. பெயிண்டோடு, அடியில் பூசி மறைத்திருந்த பட்டியும் உதிர்ந்து, கட்டை விரல் நுழையும் ஓட்டை தெரிந்தது. பேசாமல் எழுந்து வந்துவிட்டோம்.

ஜீப்பின் தகடு கனம், அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. அதன் சிக்கல் வேறு. அதே உருவத்தில் டூ வீல் ஜீப்புகளும் நிறைய ஓடுகின்றன. விளம்பரத்தில் 'ஃபோர் வீல்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். முன் அச்சில் டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கிறதா, அதற்கு ஷாஃப்ட் போகிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அப்புறம் எஞ்சின். பெஜோ எஞ்சின் தேய்ந்த பிறகு கைக்குக் கிடைத்த வேறு டீசலை மாட்டிய ஜீப்புகள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் இனி ஏற்றுவது கடினம். வண்டியைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றிப் பதிவு செய்ய முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் நீங்களே துடைத்துப் படியுங்கள். சேஸ் எண் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வரிசை கோணலாக இருந்தாலோ, சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்சிக்கும் இதே சோதனைதான்.

இரண்டுமே பெரும்பாலும் 15 வருடம் தாண்டியவை. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பித்த பிறகு கைமாற்றித் தரச் சொல்லுங்கள். கேரள வண்டி என்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஜீப்புக்கெல்லாம் மூதாதையான வில்லிஸ் மேல் ஆசையோடு வருகிறவர்களும் உண்டு. 1940-களின் வண்டியைத் தொட்டுப் பார்ப்பதே தனி சுகம்தான். 50 வருடம் தாண்டியதால் 20,000 ரூபாய் கட்டி வின்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. தோட்டத்துக்குப் போய்வர அது உதவாது.

தோட்டம், சுமை, மண் ரோடு என்று இருப்பவருக்கு நான் இன்றும் 540-தான் சொல்வேன். அடுத்த வாரம் அப்படி ஒருவருக்காகக் கம்பத்தில் ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். ஆறின எஞ்சின் கிளம்பும்போது விடும் புகையைப் பார்த்தாக வேண்டும். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். போனதும் முதலில் பானட்டில் கை வைத்துப் பார்ப்பேன்.